நான்கு சக்கரப் பலகையில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?

ஸ்கேட்போர்டிங்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் அதைக் கண்டுபிடிப்புகளின் வரலாறு என்றும் படைப்பாற்றல் மிகுந்த பண்பாடு என்றும் சொல்கிறார்கள்; ஒரு மரப்பலகையிலும் நான்கு சக்கரங்களிலும் அப்படிக் கண்டுபிடிக்க என்னதான் இருக்கிறது, மற்ற விளையாட்டுகளில் இல்லாத எது இதில் இருக்கிறது என்பது கேள்வி. என் பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டு கையாளும் பொருள்களில் பெரும்பாலானவை வேறொரு வேலைக்காகச் செய்யப்பட்டவை. சக்கரம் ரோலர் ஸ்கேட்டிலிருந்து வந்தது, நீச்சல் குளம் நீந்துவதற்காகக் கட்டப்பட்டது, படிக்கட்டின் கைப்பிடிக் கம்பி இறங்குகிறவர்கள் பிடித்துக்கொள்வதற்காக வைக்கப்பட்டது. பிறர் ஒரு நோக்கத்தோடு செய்துவைத்ததை எடுத்துத் தன் வழிக்குப் பழக்குவதும், அது கைநழுவிப் போகிறபோது அடுத்ததைத் தேடிப் போவதுமாகவே இதன் எழுபது ஆண்டுகளும் கழிந்திருக்கின்றன. வசதி பெருகிய காலங்களைவிடக் கதவு சாத்தப்பட்ட காலங்களில்தான் பெரிய கண்டுபிடிப்புகள் நடந்தன என்பது என் கருத்து.

தொடக்கத்தை யாரோ ஒருவர் பெயரில் எழுதிவைக்க முடியாது. பலகையின் அடியில் ரோலர் ஸ்கேட் சக்கரங்களையும் மேலே ஒரு பழப்பெட்டியையும் ஆணியடித்து உருட்டிக்கொண்டு போகும் சிறுவர் விளையாட்டு அமெரிக்காவில் முன்பே இருந்தது. அந்தப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் பலகையின் மேல் நின்றவர்களில் முக்கியமானவர்கள் 1950-களின் கலிஃபோர்னிய அலைச்சறுக்கு வீரர்கள். கடல் சும்மா கிடக்கும் நாட்களில் அவர்களுக்குப் பொழுது போகவில்லை. சரிவான தார்ச்சாலை அவர்களுக்கு அலையாயிற்று. அதனால்தான் இதற்கு முதலில் 'நடைபாதை அலைச்சறுக்கு' என்று பெயர் இருந்தது. 1963-இல் ஹெர்மோசா பீச்சில் ஒரு பள்ளி வளாகத்தில் போட்டி நடந்தது. 1965 மே மாதத்தில் லைஃப் இதழின் அட்டையில், உருளும் பலகையின் மேல் கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்கும் பாட்டி மெக்கீ (Patti McGee) என்ற இளம் வீராங்கனையின் படம் வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சந்தை விழுந்துவிட்டது. பல நகரங்கள் விபத்துகளைக் காரணம் காட்டித் தடை விதித்தன, அதில் ஓரளவு நியாயமும் இருந்தது. அப்போதைய சக்கரம் முதலில் எஃகு, பிறகு 'களிமண் சக்கரம்' என்று அழைக்கப்பட்ட இறுகலான ஒரு கூட்டுப்பொருள். இரண்டுக்குமே விட்டுக்கொடுக்கும் குணம் கிடையாது. மிளகளவு கல் ஒன்று குறுக்கே வந்தால் போதும், பலகை அங்கேயே நின்றுவிடும். மேலே நின்றவர் நிற்க மாட்டார்.

இதை மாற்றியவர் ஃப்ராங்க் நாஸ்வொர்தி. 1970-இல் வர்ஜீனியா மாநிலத்தில் பர்செல்வில் என்ற ஊரிலிருந்த ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலைக்குப் போனபோது, ரோலர் ஸ்கேட்டுக்காக வார்க்கப்பட்ட பாலியூரித்தேன் சக்கரங்களை அவர் அங்கே பார்த்தார். அவற்றைத் தன் பலகையில் மாட்டி ஓட்டிப் பார்த்தவர், கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த பிறகு சில ஆண்டுகளில் 'கேடிலாக்' என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். பாலியூரித்தேன் எஃகைப் போல வழுக்குவதும் இல்லை, ரப்பரைப் போல விரைவில் தேய்வதும் இல்லை. கல் வந்தால் சற்று அமுங்கி அதன்மேல் ஏறிப் போகும், திரும்பும்போது தரையை விடாமல் பற்றிக்கொள்ளும். தரையை நம்பி உடலைச் சாய்க்கலாம் என்ற நிலை வந்த பிறகுதான் 'நடை' (ஸ்டைல்) என்ற பேச்சுக்கே இடம் உண்டாயிற்று. அடுத்த தடை பேரிங். அதுவரை சக்கரத்துக்குள் குண்டுகளைத் தனித்தனியாகப் போட்டுக் கூம்பு வடிவ நட்டால் முடுக்க வேண்டும். முடுக்கினால் சுழலாது, தளர்த்தினால் பாதி வழியில் குண்டுகள் சாலையில் சிதறும். 1975-இல் மூடிய பேரிங்குகள் சக்கரத்தோடு வந்து இந்தத் தொல்லை ஒழிந்தது. இன்றைய ஸ்கேட்போர்டில் இருக்கும் 608 என்ற பேரிங்கும் இதற்கென்று பிறந்ததல்ல: 8 மில்லிமீட்டர் துளை, 22 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 7 மில்லிமீட்டர் அகலம் என்ற அதே அளவில் சிறு மின்மோட்டார்களிலும் வேறு பல இயந்திரங்களிலும் சுழலும் பொதுவான உறுப்புதான் அது.

பலகைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் 'ட்ரக்' இன்னும் பழையது. ஒரு பக்கம் உடலைச் சாய்த்தால் அச்சு தானாக அந்தப் பக்கம் திரும்பும் அமைப்பை நியூயார்க்கின் ஜேம்ஸ் ப்ளிம்ப்டன் 1863-இலேயே ரோலர் ஸ்கேட்டுக்காகக் காப்புரிமை செய்திருந்தார். சாய்வாக நிற்கும் ஒரு போல்ட், அதைச் சுற்றி அமுங்கி மீளும் இரண்டு வளையங்கள், அச்சைத் தாங்கும் ஹேங்கர் என்னும் உலோக உறுப்பு: இன்றைக்கும் அடிப்படை இதுதான். 1970-களின் நடுவில் ஸ்கேட்போர்டுக்கென்றே அகலமான, வலுவான ட்ரக்குகள் செய்யப்பட்டபோது மாறியது அளவும் வலிமையும்தான், கருத்து பழையதே.

உறுப்புகள் இவ்வாறு ஒன்றுசேர்ந்த நேரத்தில் 1976, 1977 ஆண்டுகளில் கலிஃபோர்னியாவில் கடும் வறட்சி வந்தது. வீடுகளின் பின்புறத்து நீச்சல் குளங்கள் காலியாகக் கிடந்தன. அந்தக் குளங்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அவற்றின் பக்கச்சுவர் தரையைச் செங்கோணத்தில் சந்திக்காது; கிண்ணத்தின் உட்புறம் போல வளைந்து எழும்பி, மேலே ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். தண்ணீர் இருக்கும்வரை யாரும் கவனிக்காத இந்த வளைவு, தண்ணீர் வற்றியதும் உறைந்து நின்ற அலையாகத் தெரிந்தது. குறிப்பாகச் சான்டா மோனிகாவுக்கும் வெனிஸுக்கும் இடையே 'டாக்டவுன்' என்று அழைக்கப்பட்ட பகுதியின் இளைஞர்களுக்கு. ஜெஃப் ஹோவும் ஸ்கிப் எங்ப்ளமும் நடத்திய ஸெஃபிர் அலைச்சறுக்குக் கடையின் அணியைச் சேர்ந்த டோனி ஆல்வா, ஜே ஆடம்ஸ், ஸ்டேசி பெரால்டா, அந்த அணியின் ஒரே பெண்ணான பெக்கி ஓகி ஆகியோர் 1975-இல் டெல் மார் போட்டியில் மற்றவர்கள் விறைப்பாக நின்று வித்தை காட்டிக்கொண்டிருந்த இடத்தில், குந்தியமர்ந்து கையைத் தரையில் ஊன்றிச் சுழன்றார்கள். ஹவாய் அலைச்சறுக்கு வீரர் லேரி பெர்டில்மனின் சாயல் அது. தண்ணீரின் மேல் பிறந்த உடலசைவு சிமெண்டுக்கு இடம்பெயர்ந்ததை நடுவர்கள் எப்படி மதிப்பிடுவது என்று தெரியாமல் திணறினார்கள்.

குளத்தில் நடந்ததைக் கிட்டே போய்ப் பார்ப்பது நல்லது. அரைகுறையாகத் தண்ணீர் மிஞ்சிய குளத்தை இவர்களே பம்பு வைத்து இறைப்பார்கள். அடியில் தேங்கும் பச்சைச் சேற்றை வாளியில் அள்ளிக் கொட்டிவிட்டுத் துணியால் துடைப்பார்கள். ஒருவர் வாசலில் நின்று காவல்துறை வருகிறதா என்று பார்த்துக்கொள்வார். கிடைப்பது ஒரு மணி நேரமோ அரை மணி நேரமோ தெரியாது. முதலில் சுவரின் பாதி உயரம், பிறகு மேலேயுள்ள ஓட்டு வரிசை, பிறகு விளிம்புக் கல் என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைவிட ஓர் அங்குலம் மேலே போக முயல்வார்கள். சக்கரம் விளிம்பைத் தாண்டி வெளியே போய் ட்ரக்கின் உலோகம் கல்லில் உராய்ந்து எழுப்பும் கரகரப்புதான் 'கிரைண்ட்' என்ற வித்தையாயிற்று. விளிம்பையும் தாண்டினால்? பலகையைக் கையால் பிடித்துக்கொண்டு காற்றில் திரும்பிக் குளத்துக்குள்ளேயே மீண்டும் இறங்கலாம். 1977 வாக்கில் இதைச் செய்து காட்டிய பெருமையைப் பலரும் ஆல்வாவுக்குத் தருகிறார்கள். விளையாட்டு தரையை விட்டுக் கிளம்பிவிட்டது.

1976-இல் ஃப்ளோரிடாவிலும் கலிஃபோர்னியாவிலும் ஸ்கேட்போர்டுக்கென்றே கட்டணப் பூங்காக்கள் திறக்கப்பட்டன, பிறகு நாடெங்கும் பரவின. அந்தப் பத்தாண்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள், காப்பீட்டுச் செலவும் வழக்குகள் பற்றிய அச்சமும் சேர்ந்து அவற்றில் பெரும்பாலானவற்றை மூடவைத்தன. சிமெண்டுக் கிண்ணங்கள் இடிக்கப்பட்டன, அல்லது மண் போட்டு மூடப்பட்டன. குளத்தின் வளைவை ஒட்டுப்பலகையில் அறுத்தெடுத்துக் கொல்லைப்புறத்தில் நிறுத்திக்கொண்டவர்கள் செங்குத்து ராம்ப்பின் வழியே போனார்கள். ஸ்டீவ் கபாயெரோ, மைக் மெக்கில், கிறிஸ்டியன் ஹொசோய், டோனி ஹாக் எல்லாம் அந்த வழியினர். மெக்கில் 1984 கோடையில் ஸ்வீடனிலிருந்த ஒரு பயிற்சி முகாமின் மர ராம்ப்பில் 540 பாகை சுழற்சியைப் பழகிக்கொண்டு ஊர் திரும்பி அதைப் போட்டியில் காட்டினார். 'மெக்ட்விஸ்ட்' என்ற பெயர் அவரால் வந்தது. ஹாக் 900 பாகையை, பத்துக்கும் மேற்பட்ட முயற்சிகளுக்குப் பிறகு, போட்டி நேரம் முடிந்தும் விடாமல் ஏறி, 1999 ஜூன் 27 அன்று சான் ஃப்ரான்சிஸ்கோவில் முடித்தார். அதற்குக் கால் நூற்றாண்டு கழித்து 2024-இல் ஆஸ்திரேலியச் சிறுமி அரீசா ட்ரூ அதே 900-ஐச் செய்து, அதைச் செய்த முதல் பெண்ணானார். அப்போது அவருக்கு வயது 14.

ஆனால் ஒரே ஒரு கண்டுபிடிப்பைத்தான் சொல்லலாம் என்றால், சுழற்சிகள் அனைத்தையும் ஒதுக்கிவிட்டு நான் ஆலியைத்தான் சொல்வேன். 1970-களின் இறுதியில் ஃப்ளோரிடாவின் ஆலன் ஜெல்ஃபண்ட் என்ற சிறுவன், கிண்ணச் சுவரின் உச்சியில் பலகையைக் கையால் தொடாமலேயே அதோடு காற்றில் எழும்பினான். அவனுடைய செல்லப்பெயர் ஆலி. வித்தைக்கும் அதுவே பெயராயிற்று. கிண்ணச் சுவரில் மேலே ஏறிவரும் வேகமும் சுவரின் வளைவும் துணை நின்றன. தட்டையான தரையில் அந்தத் துணை எதுவும் கிடையாது. அங்கே அதைச் சாத்தியமாக்கியவர் அதே மாநிலத்தின் ராட்னி மல்லன். செங்குத்துச் சுவர் பக்கம் போகாமல், சமதளத்தில் தனியாக மணிக்கணக்கில் பயிலும் 'ஃப்ரீஸ்டைல்' பிரிவைச் சேர்ந்த அவர், 1980-களின் தொடக்கத்தில் ஜெல்ஃபண்டின் எழும்பலைத் தரைக்குக் கொண்டுவந்தார்.

நடப்பது இதுதான். பின்கால் பலகையின் வளைந்த பின்முனையிலும் முன்கால் முன்பக்கத்து போல்ட்டுகளுக்குச் சற்றுப் பின்னாலும் இருக்கின்றன. முழங்கால் மடங்கி நிமிரும் அதே கணத்தில் பின்கால் முனையை அடித்து இறக்குகிறது. பலகை பின் அச்சைத் தாங்குபுள்ளியாகக் கொண்டு நெம்புகோல் போல எழும்ப, முன்பகுதி மேலே போகிறது. பின்முனை தரையில் மோதித் தெறிக்கிறது. அந்தத் தெறிப்பையும், அதன் கூர்மையான 'டக்' ஓசையையும் ஸ்கேட்டர்கள் 'பாப்' என்பார்கள். உடல் அதற்குள் மேலே எழும்பியாயிற்று. கால்களுக்கு எடை இல்லாததால் பலகை தடையின்றி மேலே வர முடிகிறது. இப்போது முன்கால் காலணியின் வெளிவிளிம்பால் மேற்பரப்பைத் தேய்த்தபடி முன்முனை நோக்கி ஏறுகிறது. பலகையின் மேலே ஒட்டியிருக்கும் கிரிப் டேப் உண்மையில் ஒரு வகை உப்புத்தாள்தான்; அந்தச் சொரசொரப்பு காலணியைப் பற்றிக்கொள்வதால் கால் பலகையை இழுத்துச் செல்கிறது, கடைசியில் முன்முனையைச் சற்று அழுத்த, பின்முனை எழுந்து பலகை சமநிலைக்கு வருகிறது. பார்ப்பவருக்குப் பலகை காலில் ஒட்டிக்கொண்டு வந்ததாகத் தோன்றும். இத்தனையும் ஒருவர் 'ஆலி' என்று சொல்லி முடிக்கும் நேரத்துக்குள் நடந்துவிடுகிறது. பழகுகிறவர்களின் காலணியில் சுண்டுவிரலுக்கு மேலே உள்ள இடம் முதலில் ஓட்டையாவது இதனால்தான்.

இந்த விவரிப்பில் ஒரு நெம்புகோல் வந்ததைக் கவனித்திருப்பீர்கள். பின்முனையை மேல்நோக்கி வளைக்கும் யோசனையை, மக்காஹா என்ற பெயரில் பலகைகள் விற்ற லேரி ஸ்டீவன்சன் 1969 வாக்கிலேயே கொண்டுவந்து காப்புரிமையும் வாங்கியிருந்தார். முன்சக்கரங்களைச் சற்றுத் தூக்கித் திரும்புவது எளிதாகும் என்பதே அதன் பயனாக இருந்தது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் அந்த வளைவு தன் உண்மையான வேலை என்னவென்று தெரியாமலேயே பலகையின் பின்னால் உட்கார்ந்திருந்தது.

பலகை காற்றில் எழும்பிவிட்டால் அதை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். முன்காலின் விரல் நுனி ஓரத்தைச் சுண்டினால் பலகை தன் நீள அச்சில் ஒரு சுற்று சுற்றிக் கால்களுக்கடியில் வந்து சேரும், அது கிக்ஃபிளிப். குதிகாலால் எதிர்ப்பக்கம் சுண்டினால் ஹீல்ஃபிளிப். பின்காலைச் சுற்றிப் பலகை செங்குத்தாக ஒரு வட்டம் அடித்தால் இம்பாசிபிள். இன்று தெருவில் நாம் காணும் வித்தைகளின் அடித்தளத்தில் பெரும்பகுதி, மல்லன் என்ற ஒரே மனிதர் அந்தப் பத்தாண்டில் கண்டடைந்தவை. இவற்றில் எதற்கும் காப்புரிமை கிடையாது, எவரும் கேட்டதும் இல்லை. பொருளுக்குக் காப்புரிமை பெற்ற ஸ்டீவன்சனின் பெயரைவிட, எதையும் பூட்டிவைக்காத ஜெல்ஃபண்டின் செல்லப்பெயர் ஸ்கேட்டர்களின் நாவில் நாள்தோறும் புழங்குகிறது. கண்டுபிடித்தவருக்குப் பெயரைத் தந்துவிட்டு, கண்டுபிடிப்பை எல்லோரும் எடுத்துக்கொள்வது இங்கே வழக்கம். கபாயெரோவின் பெயரால் 'கபாயெரியல்' இருப்பதும் இப்படித்தான்.

வித்தை மாறினால் பலகையும் மாற வேண்டும். 1980-களின் பலகை அகலமானது, மீன்வால் போன்றது, பின்பக்கம் மட்டும் வளைந்தது. முன்மூக்கு குட்டையாகவும் தட்டையாகவும் இருந்தது. ராம்ப்பில் அது போதும். தெருவில் ஆலியும் ஃபிளிப்பும் பெருகியபோது, முன்முனையிலிருந்தும் எழும்ப முடிந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசை வந்தது. இரு முனையும் வளைந்த பலகைகள் 1989 வாக்கில் வெளிவந்தன. அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே மாதிரியான, ஐஸ் குச்சி போன்ற இன்றைய வடிவம் நிலைபெற்றது. ஏழு மெல்லிய மேப்பிள் மரத் தகடுகளைப் பசையிட்டு அச்சில் அழுத்தி எடுக்கும் முறை இதற்கு உதவியது: அச்சை மாற்றினால் வடிவம் மாறிவிடும். ஸ்டீவ் ராக்கோ 1987-இல் தொடங்கிய வேர்ல்ட் இண்டஸ்ட்ரீஸ் போன்ற, ஸ்கேட்டர்களே நடத்திய சிறு நிறுவனங்கள் தெருவில் வந்த ஆசையைச் சில மாதங்களில் பலகையாக்கின. இதே வேகம் அசட்டுத்தனத்துக்கும் கொண்டுபோனது. 1992-ஐ ஒட்டிச் சக்கரங்கள் 40 மில்லிமீட்டருக்குச் சுருங்கி, சாலையில் உருளவே மறுக்கும் அளவுக்குப் போயின. பிறகு புத்தி வந்து 50-க்கு மேல் திரும்பின. ஆனால் அதன் பிறகு முப்பது ஆண்டுகளாகப் பலகையின் வடிவம் பெரிதாக மாறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கற்பனை பொருளை விட்டு இடத்துக்கு நகர்ந்துவிட்டது.

பூங்காக்கள் மூடப்பட்டதில் மர ராம்ப் கட்ட இடமோ பணமோ இல்லாதவர்களுக்கு மிஞ்சியது தெருதான். மார்க் கன்சாலஸும் நட்டாஸ் காபஸும் 1980-களின் நடுப்பகுதியில் தெருவைப் பார்த்த பார்வை வேறாக இருந்தது. அதுவரை தெரு என்பது ராம்ப் இல்லாதபோது ஓட்டும் இடம். அவர்களுக்கோ பெஞ்சு, நடைபாதை விளிம்பு, படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி ஒவ்வொன்றும் ஒரு கருவி. காபஸ் ஒரு தீயணைப்புக் குழாயின் தலைமேல் பலகையோடு ஏறிப் பம்பரம் போலச் சுழன்று இறங்கியதைப் பார்த்தவர்கள், அதன் பிறகு தீயணைப்புக் குழாயைப் பழைய கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஸ்கேட்டர்கள் இடத்தை வாசிக்கும் விதம் கட்டடக் கலைஞர்களுக்கே பாடம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஒரு பளிங்கு விளிம்பின் அருகே போனால் முதலில் விரலால் தடவிப் பார்ப்பார்கள். சொரசொரப்பாக இருந்தால் மெழுகுவர்த்தித் துண்டை எடுத்து விளிம்பு நெடுகத் தேய்ப்பார்கள். ட்ரக்கின் உலோகம் அதன்மேல் சில முறை உராய்ந்ததும் மெழுகு உருகிக் கல்லின் துளைகளில் இறங்கி, விளிம்பு கருமையாகப் பளபளக்கத் தொடங்கும். அந்தக் கருமையைத் தொலைவிலிருந்தே பார்த்து 'இங்கே ஓட்டுகிறார்கள்' என்று மற்றவர்கள் தெரிந்துகொள்வார்கள். தரையில் பிளவு இருந்தால் காரின் நசுங்கலைச் சரிசெய்யும் பட்டியைக் குழைத்து அடைப்பார்கள். ஓடிவரும் பாதை கரடாக இருந்தால் ஒட்டுப்பலகை விரிப்பார்கள். தரை எப்படி என்பதைச் சக்கரத்தின் ஓசையே சொல்லிவிடும். இரைச்சல் திடீரென்று மெல்லிய சீறலாக மாறினால் நல்ல சிமெண்டு வந்துவிட்டது என்று பொருள். கட்டட உரிமையாளர்கள் விளிம்புகளில் உலோகக் குமிழ்களைப் பதித்துத் தடுக்கப் பார்க்கிறார்கள். சிலர் அந்தக் குமிழ்களைக் கழற்றிவிடுகிறார்கள் என்பதும் உண்மை. கற்களின் விளிம்பு சிதைகிறது, நடப்பவர்களுக்கு இடைஞ்சல் உண்டாகிறது என்ற புகார்களும் வெறும் கற்பனை அல்ல.

தெருவில் பயிற்சியாளரும் இல்லை, விதிப்புத்தகமும் இல்லை. ஆனாலும் கண்டுபிடிப்பைத் தூண்டும் ஓர் எழுதாத விதி உண்டு: ஓரிடத்தில் ஒருவர் ஒரு வித்தையைப் படம்பிடித்து வெளியிட்டுவிட்டால், அதே இடத்தில் அதையே செய்வது உங்கள் கணக்கில் ஏறாது. 'ஏற்கெனவே செய்தாயிற்று' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் (Already Been Done) சுருக்கமாக 'ஏபிடி' என்பார்கள். ஹாலிவுட் உயர்நிலைப் பள்ளியின் 16 படிக்கட்டுகள் போன்ற புகழ்பெற்ற இடத்துக்கு வருகிறவர், அங்கே முன்பு யார் என்ன செய்தார்கள் என்ற பட்டியலை மனத்தில் வைத்துக்கொண்டுதான் வருவார். இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறும், அந்த வரலாற்றில் இன்னும் நிரப்பாத ஓர் இடைவெளியும் உண்டு. அந்த இடைவெளியைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை.

வித்தைகளின் பெயர்களும் புதுமைக்கு வழிசெய்கின்றன. பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்: பகுதியோடு இடைநிலையும் விகுதியும் சேர்ந்து சொல் உருவாவது போல, நிற்கும் நிலை, எழும்பும் முனை, சுழலும் திசை, சுழற்சியின் அளவு, பலகை புரளும் முறை, உராயும் பகுதி ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து பெயராகின்றன. 2024 பாரிஸ் ஒலிம்பிக் தெருப் பிரிவின் இறுதிச் சுற்றில் ஜப்பானின் யூட்டோ ஹோரிகோமே கடைசி முயற்சியில் செய்தது 'நாலி 270 ப்ளன்ட்ஸ்லைடு'. பிரித்துப் படித்தால், நாலி என்பது முன்முனையிலிருந்து எழும்பும் ஆலி. 270 என்பது முக்கால் சுற்றுத் திரும்பல். ப்ளன்ட்ஸ்லைடு என்பது சக்கரங்கள் கம்பிக்கு மேலே நிற்கப் பலகையின் பின்முனை மட்டும் கம்பியில் வழுக்கிச் செல்வது. நடுவர்கள் 97.08 புள்ளிகள் தந்தார்கள். அமெரிக்காவின் ஜாகர் ஈட்டனை மொத்தத்தில் 0.1 புள்ளியால் முந்தி அவர் இரண்டாவது தங்கத்தை வென்றார். இப்படிப்பட்ட சொற்கோப்பில் ஓர் உறுப்பை மாற்றிப்போட்டால், இதுவரை யாரும் செய்யாத ஒரு வித்தை காகிதத்தில் பிறந்துவிடுகிறது. பெயர் முதலில் வந்து, உடல் பின்னால் போய்ச் சேர்ந்த வித்தைகள் உண்டு.

ஒலிம்பிக்கைச் சொன்னதால் ஒரு சிறு குறிப்பு. 2021-இல் நடந்த டோக்கியோ போட்டியில் இந்த விளையாட்டு சேர்க்கப்பட்டபோது, புள்ளிக் கணக்கு படைப்பாற்றலைக் கொன்றுவிடும் என்று பலர் அஞ்சினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. போட்டி என்பது வித்தை அரங்கேறும் இடம். அது பிறக்கும் இடம் வேறு.

அந்த வேறிடத்துக்கும் உலகத்துக்கும் பாலமாக இருந்தது படப்பெட்டி. 1981 ஜனவரியில் சான் ஃப்ரான்சிஸ்கோவில் த்ராஷர் இதழ் தொடங்கியது. 1984-இல் பெரால்டா, பௌல்-பெரால்டா என்ற பலகை நிறுவனத்தின் அணியை வைத்து எடுத்த வீடியோவிலிருந்து, அணிகள் தங்கள் ஸ்கேட்டர்களின் ஓட்டத்தை வீடியோ நாடாவாக விற்பது வழக்கமாயிற்று. ஒரு சிறுவன் நாடாவை நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, கால் எங்கே இருக்கிறது என்று படம்படமாகப் பார்த்துப் பழகிக்கொண்டதே அவனுக்குப் பள்ளிக்கூடம். 1995-இல் வெளிவந்த சோனி விஎக்ஸ்1000 கேமராவில் மீன்கண் வில்லையை மாட்டி, தானும் ஒரு பலகையில் ஏறித் தரையோடு தரையாகக் கேமராவைத் தாழ்த்திக்கொண்டு பின்தொடரும் படப்பிடிப்பாளரும் ஸ்கேட்டரே. பின்னாளில் திரைப்பட இயக்குநரான ஸ்பைக் ஜோன்ஸ் இந்த வழியில் வந்தவர். பலகை ஓவியங்களும் தனி உலகம். ஜிம் ஃபிலிப்ஸ் 1985-இல் வரைந்த, உள்ளங்கையில் வாய் திறந்து அலறும் நீலக் கை இன்றும் அச்சாகிக்கொண்டிருக்கிறது. அந்த ஓவியங்கள் அச்சிடப்படுவதோ பலகையின் அடிப்பக்கத்தில். முதல் முறை கம்பியில் வழுக்கியதுமே கீறல் விழும் இடம் அது.

கட்டடங்களின் விஷயத்தில் கடைசியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். போர்ட்லேண்டில் பர்ன்சைடு பாலத்துக்கு அடியில், 1990-இல் சில ஸ்கேட்டர்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல் சிமெண்டு குழைத்துச் சுவரோரத்தில் ஒரு சரிவைப் பூசினார்கள். அது வளர்ந்து முழுப் பூங்காவாகி, பிறகு நகராட்சியே அதை ஏற்றுக்கொண்டது. லண்டனில் தேம்ஸ் கரையின் சவுத்பேங்க் கலை வளாகத்துக்கு அடியில் தூண்களும் சரிவுகளுமாகக் கிடந்த இடத்தை 1970-களிலிருந்து ஸ்கேட்டர்கள் ஆண்டுவந்தார்கள். 2013-இல் அதைக் கடைகளாக மாற்றும் திட்டம் வந்தபோது பெரும் இயக்கம் நடத்தி, 2014-இல் அந்த இடம் அப்படியே இருக்கும் என்ற உடன்பாட்டைப் பெற்றார்கள். ஃபிலடெல்ஃபியாவின் லவ் பார்க்கில் முடிவு வேறு விதமாயிற்று. அதன் கிரானைட் படிகளும் விளிம்புகளும் 1990-களில் உலகெங்கும் ஸ்கேட்டர்களுக்குத் தெரிந்த இடமாக இருந்தும் நகரம் தடையைக் கடுமையாக்கியது. அந்தச் சதுக்கத்தின் கருத்துக்குக் காரணமான நகரத் திட்டமிடுநர் எட்மண்ட் பேக்கன், 2002-இல் தம் 92-ஆம் வயதில், தலைக்கவசம் அணிந்து இருவர் இருபுறமும் பிடித்துக்கொள்ள, தடையை எதிர்த்து அங்கேயே ஒரு ஸ்கேட்போர்டில் ஏறி உருண்டார். அப்போது தடை நீங்கவில்லை. 2016-இல் சதுக்கம் பெயர்க்கப்பட்டுப் புதிதாக அமைக்கப்பட்டது. பெயர்த்தெடுத்த கிரானைட் கற்களில் ஒரு பகுதி, ஸ்கேட்டர்களை விரட்டாமல் வரவேற்பதைத் தன் கொள்கையாகவே வைத்திருக்கும் ஸ்வீடனின் மால்மோ நகருக்குக் கடல் கடந்து போயிற்று. அங்கே ஒரு பொதுவிடத்தில் அவற்றைப் பதித்திருக்கிறார்கள், மெழுகு தேய்த்து ஓட்டுவதற்காக.